ஏகமனதாக ஒரு மச்சான்

அத்தியாயம் 7

மணி பன்னிரண்டேகால். நாலு மணிக்கு நூலகரின் வேலை போகப்போகிறது.

"மூணே முக்கால் மணி நேரம்தான் இருக்கு," என்றான் கிளட்ச். "நம்ம ஸ்கூல்ல ஒருத்தருக்கு ரிவர்ஸ் சொல்லித்தரவே பதினோரு நாள் ஆகுது அண்ணி."

கிளட்ச் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அவன் கத்தும் வார்த்தையே அவனுக்குப் பெயராகிவிட்டது. அண்ணி என்பது அவனுடைய அண்ணன் மனைவி. அச்சகத்தில் பதினெட்டு வருஷம் பிழை திருத்திவிட்டு, பிறகு அதே வேலையை மனிதர்களிடம் ஆரம்பித்தவள். வாடிக்கையாளர்கள் அவளைத் திருத்தம்மா என்பார்கள். துப்பறியும் நிறுவனத்தின் மொத்த ஊழியர்களும் இவர்கள் இருவர்தான். நிறுவனத்தின் வாகனம், இரண்டு பக்கமும் பிரேக் வைத்த பயிற்சிக் கார். கிளட்ச் ஓட்டுவான். அவன் போகும் வழி பிடிக்காவிட்டால் திருத்தம்மா தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பாள்.

நூலகர் இரும்பு அலமாரியின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, அது கடித்துவிடும் என்பதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

"இருக்கறது ஒரே சாவி. அது என்கிட்ட இருக்கு. அதான் என் குத்தம்."

விஷயம் இதுதான். நூலகத்தில் ஒரு வாசகர் வட்டம். மாதம் ஒரு புத்தகம், ஐந்து உறுப்பினர், ஐந்து பிரதி. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வந்து, மாதக் கடைசிச் சனிக்கிழமை கூடிப் பேசிவிட்டு, புத்தகத்தைத் திருப்பித் தருவார்கள். இந்த மாதம் ஒரு கொலைக்கதை. சனிக்கிழமை பேசி முடித்ததும் ஐந்து பிரதிகளையும் நூலகர் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். திங்கட்கிழமை காலை மேலதிகாரி சரிபார்ப்புக்கு வந்து அலமாரியைத் திறந்தார். பின்னட்டையில் போட்டிருந்த பக்கக் கணக்குப்படி, ஐந்திலும் கடைசிப் பதினாறு பக்கங்களைக் காணோம்.

"கொலைகாரன் அதுலதானே இருப்பான்?" என்றான் கிளட்ச்.

"ஆமா."

"அப்ப தப்பிச்சுட்டான்."

திருத்தம்மா அவனைப் பார்த்தாள். அவன் உதட்டைப் பூட்டிக்கொண்டான், அரை நிமிடத்துக்கு.

"சனிக்கிழமை பக்கமெல்லாம் இருந்துச்சுன்னு யார் சொன்னது?"

"வட்டத் தலைவர், வக்கீலை விட்டு எழுதியே குடுத்துட்டார் மேடம். 'புத்தகங்கள் முழுமையாக இருந்தன. முடிவைப் பற்றி மட்டுமே இரண்டு மணி நேரம் விவாதித்தோம்'னு. பல் டாக்டர், ரொட்டிக்கடை அம்மா, அந்த வக்கீல், மூணு பேரும் கூடவே கையெழுத்துப் போட்டிருக்காங்க. லிஃப்ட் மெக்கானிக் மட்டும் போடலை. அப்ப சனிக்கிழமைக்கு அப்புறம் கிழிச்சது யாரு? சாவி வச்சிருக்கிற நான்தானே?" நூலகர் மூக்கை உறிஞ்சினாள். "ஒம்பது வருஷமா தற்காலிகம். அடுத்த மாசம் நிரந்தரம் ஆக்கறதா இருந்தாங்க. நாலு மணிக்கு வந்து நிரந்தரமா அனுப்பறாங்க."

"புத்தகத்தைப் பாக்கலாமா?"

"அதிகாரி கட்டி சீல் வச்சு எடுத்துட்டுப் போயிட்டார். நாலு மணிக்குத்தான் கொண்டு வருவார்."

"நீங்க படிச்சீங்களா?"

"வந்த அன்னைக்கே நம்பர் போட்டு, முத்திரை குத்தி, குடுத்தாச்சு. படிக்க எங்க நேரம்? நான் லைப்ரரியில வேலை பாக்கறேன் மேடம்."

கைக்குக் கிடைத்தது கூட்டக் குறிப்பு மட்டும். சட்டம் படித்த கையெழுத்தில் ஒரு பக்கம். நடுவில் ஒரு வரி: 'கொலையாளி மச்சான்தான் என்பதைத் தலைவர் எடுத்துரைக்க, வட்டம் அதை ஏகமனதாக ஏற்றது.'

"கொலைகாரனை ஏகமனதா தேர்ந்தெடுத்த ஒரே ஜனநாயகம் இதுதான்," என்றான் கிளட்ச்.

திருத்தம்மா அந்த வரியின் அடியில் நகத்தால் கோடு இழுத்தாள். பழைய தொழில் வாசனை. தப்பு கண்ணில் படாவிட்டாலும், தப்பு இருக்கும் இடம் அவளுக்கு அரிக்கும்.

*

பல் டாக்டர் ஒரு வாய்க்குள் இருந்தார். வாயின் சொந்தக்காரர் நாற்காலியில் மல்லாந்து கிடந்தார்.

"சனிக்கிழமை புத்தகம் முழுசா இருந்துச்சா டாக்டர்?"

"இருந்துச்சே. இல்லாமலா ரெண்டு மணி நேரம் பேசினோம்?"

"கொலைகாரன் யாரு?"

"மச்சான்."

"எந்த மச்சான்?"

துளைக்கும் கருவி நின்றது. நாற்காலியில் கிடந்தவர் நன்றியோடு மூச்சு விட்டார்.

"அதான்... செத்துப்போன தொழிலதிபரோட ஃபிரெண்டு. காலேஜ்லேர்ந்து 'மச்சான் மச்சான்'னு தோள்ல கை போட்டுட்டே வருவானே, அவன்." டாக்டர் கருவியை மறுபடி ஓடவிட்டார். அதன் சத்தத்துக்கு மேல் யாராலும் கேள்வி கேட்க முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ரொட்டிக்கடை அம்மாள் கல்லாவில் உட்கார்ந்தபடி யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"தங்கச்சி புருஷன். மூஞ்சியைப் பாத்தாலே தெரியலை?"

"புத்தகத்துல மூஞ்சியை எங்கம்மா பாத்தீங்க?" என்றான் கிளட்ச்.

"எல்லாத் தங்கச்சி புருஷனுக்கும் ஒரே மூஞ்சிதான் தம்பி." உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த ஒருவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். கொழுந்தனும் அண்ணியும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

வக்கீல் கோப்புகளுக்கு நடுவிலிருந்து எழுந்து கைகுலுக்கினார். கூட்டக் குறிப்பை எழுதியவர் அவர்தான்.

"பொண்டாட்டியோட அண்ணன். சொத்துக்காகச் செஞ்சான். சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கப்பட்டிருக்கு."

"எந்தப் பக்கத்துல?"

"பல பக்கங்கள்ல."

"ஒண்ணு சொல்லுங்களேன்."

"தீர்ப்பை மொத்தமாத்தான் படிக்கணும் மேடம். வரி வரியாப் பிரிச்சா அர்த்தம் மாறிடும்."

காரில் ஏறியதும் கிளட்ச் விரல்விட்டு எண்ணினான். "ஃபிரெண்டு ஒரு மச்சான். தங்கச்சி புருஷன் ஒரு மச்சான். பொண்டாட்டியோட அண்ணன் ஒரு மச்சான். ஒரு பொணத்துக்கு மூணு மச்சான். அத்தனை பேரையும் ஒரே வார்த்தையால கூப்பிட்டா இப்படித்தான். ரெண்டு மணி நேரமும் ஆளுக்கு ஒரு ஆளை மனசுல வச்சுக்கிட்டு 'ஆமா ஆமா'ன்னு தலையாட்டியிருக்காங்க."

"ஏன்?"

"நாலு பேரும் கூட்டு. பக்கத்தைக் கிழிச்சுட்டு, நூலகரை மாட்டிவிடறதுக்குக் கதை கட்டறாங்க. கட்டத் தெரியலை."

"பதினாறு பக்கத்தை வச்சு என்ன செய்வாங்க? ரொட்டி சுத்துவாங்களா?"

"அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும். நான் ஓட்டறவன்."

தலைவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். மகள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். அவர் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வகுப்பே எழுந்து நின்றுவிட்டதுபோல், "உட்காருங்க," என்றார்.

"எந்த மச்சான் சார்?"

"அப்படிக் கேக்கறது வாசகனோட சுதந்திரத்துல தலையிடறது. இலக்கியம் வினாத்தாள் இல்லை."

திருத்தம்மா பைக்குள்ளிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "சனிக்கிழமைக் கூட்டக் குறிப்பு. சரியான்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் தாளை வாங்கி, நிதானமாகப் பார்த்தார். மேலிருந்து கீழே தலை மெல்ல இறங்கியது. "ஆமா. ஒவ்வொரு வரியும் நான் சொன்னதுதான்," என்று திருப்பித் தந்தார்.

வாசலுக்கு வந்த பிறகுதான் கிளட்ச் அதை வாங்கிப் பார்த்தான். இளஞ்சிவப்புத் தாள். 'பத்தே நாளில் பயமின்றி ஓட்டலாம். பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர்.'

"அண்ணி, இது நம்ம ஸ்கூல் நோட்டீஸ்."

"கை மாறி எடுத்துட்டேன்."

"ஒவ்வொரு வரியும் அவர் சொன்னதாமே! பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர்னு சொன்னது நான்! பாத்துட்டே பொய் சொல்றார். இவர்தான் கூட்டத் தலைவன்."

ஜன்னலோரம் அந்த நிமிர்ந்த முதுகு அப்படியே இருந்தது. திருத்தம்மா அதைப் பார்த்துவிட்டு, நோட்டீஸை நான்காக மடித்துப் பைக்குள் போட்டாள்.

மூன்றரை மணிக்கு ஒரு ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மெக்கானிக்கைப் பிடித்தார்கள். லிஃப்ட் பழுது. எனவே ஏறிப் போனார்கள். கிளட்ச் மூச்சிரைத்தபடியே அவர் பையில் எட்டிப் பார்த்து, "பிளேடு," என்று அண்ணியின் காதில் ஊதினான்.

"நான் கிழிக்கலைங்க!" மெக்கானிக்கின் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்து, படியில் ஒவ்வொரு மாடியாக இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. "என் புத்தகம் வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

"ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"எனக்கு மட்டும்தான் அப்படின்னு நினைச்சேங்க. நான் கிழிச்சேன்னு சொல்லிட்டா? சனிக்கிழமை அவங்க எல்லாரும் முடிவைப் பத்தி அவ்வளவு பேசினாங்க. படிச்சவங்க. நான் வாயே திறக்கலை. முழுசா இருந்துச்சுன்னு கையெழுத்து கேட்டப்ப மட்டும் மனசு வரலை."

"உங்க புத்தகம் எந்தப் பக்கத்துல நின்னுச்சு?"

"இருநூத்து இருபத்து நாலு. மனப்பாடமே ஆயிடுச்சு. 'கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவன் அவனுடைய'. அதோட அட்டை. எட்டு நாளா தூங்கலை மேடம். தலைவர் மச்சான்னு சொன்னதும்தான், 'அவனுடைய மச்சான்'னு நானே முடிச்சுக்கிட்டேன்."

"இருநூத்து இருபத்து நாலு," என்று திருத்தம்மா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அச்சகத்தை விட்டு வந்த பிறகு ஒரு எண்ணைப் பார்த்து அவள் சிரிப்பது இதுதான் முதல் தடவை. "கிளம்பு தம்பி."

"கொலைகாரன் கிடைச்சுட்டானா?"

"கொலையே நடக்கலை."

*

நாலு மணிக்கு ஐந்து நிமிடம். வாசகர் வட்டத்தின் நீள மேசை. சாட்சிகளாக வரவழைக்கப்பட்டு, ஒரு பக்கம் டாக்டர், ரொட்டிக்கடை அம்மாள், வக்கீல், நடுவில் தலைவர். எதிரில் மேலதிகாரி, அவருக்கு முன்னால் அரக்கு வைத்த கட்டும் தட்டச்சடித்த உத்தரவும். ஓரமாக நூலகர், தன் சாப்பாட்டுப் பையை ஏற்கெனவே தோளில் மாட்டியிருந்தாள். மெக்கானிக் வாசலுக்கு உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றார்.

திருத்தம்மா கட்டைப் பிரிக்கச் சொல்லி, முதல் பிரதியின் கடைசிப் பக்கத்தை விரித்தாள்.

"சார், புத்தகத்தை ஒவ்வொரு பக்கமா அடிக்க மாட்டாங்க. பெரிய தாள்ல பதினாறு பக்கம் சேர்த்து அடிச்சு மடிப்பாங்க. அதுக்குப் பாரம்னு பேர். பதினாலு பாரம்னா எத்தனை பக்கம்?"

மேலதிகாரி உதட்டை அசைத்தார். "இருநூத்து இருபத்து நாலு."

"இது நிக்கற இடம் அதேதான். பதினைஞ்சாவது பாரத்தைச் சேர்க்காமலே தைச்சு அட்டை போட்டுட்டாங்க. யாரும் கிழிக்கலை. அது உள்ள வரவே இல்லை."

"யாராவது அந்தப் பாரத்தை மொத்தமா உருவியிருக்கலாமே?"

"லைப்ரரி முத்திரையை எங்கெங்க குத்துவீங்க?" என்று திருத்தம்மா நூலகரிடம் கேட்டாள்.

"முதல் பக்கம். அம்பத்தொண்ணு. அப்புறம் கடைசிப் பக்கம். கண்ணை மூடிட்டே குத்துவேன் மேடம்."

"குத்தியிருக்கீங்க." இருநூற்று இருபத்து நாலாம் பக்கத்தின் அடியில் ஊதா வட்டம், உள்ளே தேதி. ஐந்து பிரதியிலும். "வந்த அன்னைக்கே இதுதான் கடைசிப் பக்கம்."

இதற்குள் கிளட்ச் புத்தகத்தின் பின்னால் இருந்த அச்சக எண்ணுக்குப் போன் போட்டிருந்தான். எல்லோரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தான்.

"ஆமாங்க, பதினைஞ்சாம் பாரம் கோடவுன்ல கட்டாக் கிடக்கு," என்றது ஒரு தூக்கக் குரல். "எண்ணூறு பிரதி இப்படியே போயிடுச்சு. எல்லாம் லைப்ரரிக்குத்தான். ரெண்டு வருஷமாச்சு. ஒருத்தரும் கேக்கலையே? நீங்கதான் முதல்."

வாசலில் மெக்கானிக் ஒரு அடி உள்ளே வந்தார்.

"அப்ப சனிக்கிழமை?" என்று மேலதிகாரி மெதுவாகத் திரும்பினார்.

"அதையும் கேட்டுடலாம்," என்றாள் திருத்தம்மா. "மூணு பேரும் ஒரே நேரத்துல சொல்லுங்க. எந்த மச்சான்?"

மேசையின் மேல் ஒரு ஃபிரெண்டும் ஒரு தங்கச்சி புருஷனும் ஒரு பொண்டாட்டியின் அண்ணனும் மோதிக்கொண்டார்கள்.

"நான் அம்பது பக்கம் படிச்சேன்," என்றார் டாக்டர், வலிக்கும் இடத்தைக் காட்டுகிறவரைப்போல.

"நான் கொலை நடக்கிற வரைக்கும்," என்றாள் ரொட்டிக்கடை அம்மாள். "அதுக்கப்புறம் என்ன இருக்கு?"

வக்கீல் தொண்டையைச் செருமினார். "பின்னட்டை. ஆனா முழுசா."

நூலகர் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். மேலதிகாரி தலையசைத்தார், அது இல்லை என்ற அசைப்பு.

"உண்மை வேற, ஃபைல் வேற மேடம். ஃபைல்ல தலைவரோட கையெழுத்து இருக்கு, 'முழுமையாக இருந்தன'ன்னு. போன்ல வந்த குரலை நான் ஃபைல்ல கோக்க முடியாது. முத்திரை இவங்க கையில இருக்கறது. ஞாயித்துக்கிழமைகூடக் குத்தியிருக்கலாமேன்னு மேல கேப்பாங்க. அஞ்சு மணித் தபால்ல உத்தரவு போயாகணும். தலைவர் தன் வாக்குமூலத்தை வாபஸ் வாங்கினா நிறுத்தறேன்."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"நான் படிச்சேன்," என்றார் தலைவர். "படிச்சதைப் படிக்கலைன்னு எழுதித் தர முடியாது."

"அண்ணி, அந்த நோட்டீஸ்..." என்று கிளட்ச் ஆரம்பித்தான். மேசைக்கு அடியில் திருத்தம்மாவின் செருப்பு அவன் கால்மேல் பிரேக் போட்டது. அவள் கையில் புத்தகம் விரிந்திருந்தது. நீட்டி, 'ஒரு வரி வாசியுங்க சார்' என்றால் போதும். வழக்கு முடிந்துவிடும். அவள் புத்தகத்தை மூடினாள்.

"மத்தவங்க கொஞ்சம் வெளியே இருங்களேன்," என்றாள். "சார்கிட்ட நான் தனியாப் பேசணும்."

நாற்காலிகள் நகர்ந்தன. தலைவரின் கை மேசையில் ஒருமுறை தட்டியது.

"உட்காருங்க." எல்லோரும் உட்கார்ந்தார்கள், மேலதிகாரி உட்பட. "தெரிஞ்சுக்கிட்டீங்களாம்மா?"

"மத்தியானம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து என்ன ஆகப்போகிறது என்பதுபோல் பாதியில் விட்டார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓட ஆரம்பிச்சுது. போன வருஷம் எறும்பும் போயிடுச்சு. நீங்க எல்லாரும் உருவமாத் தெரியறீங்க, அவ்வளவுதான். பொண்ணுக்குத் தெரியாது. தெரிஞ்சா தனியா வெளியே விடமாட்டா. மாசத்துல இந்த ஒரு சனிக்கிழமையும் போயிடும்."

"அப்ப மச்சான்?" என்றார் வக்கீல், தாங்க முடியாமல்.

"எந்தக் குடும்பக் கதையிலயும் ஒரு மச்சான் இருப்பான். எல்லாருக்கும் அவன்மேல ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருக்கும். சும்மா போட்டுப் பாத்தேன்." அவர் குரல் முதல்வரின் குரலாகவே இருந்தது. "யாராவது 'இல்லை சார், தப்பு'ன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன். ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன்யா."

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தார். ரொட்டிக்கடை அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வியர்வை எதுவும் இல்லாமலே.

"அப்புறம் அதிகாரி வந்து கேட்டப்ப, முழுசா இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். இல்லைன்னா, இல்லாத முடிவை எப்படிப் பேசினீங்கன்னு கேப்பாரே. அதனால இந்தப் பொண்ணுக்கு வேலை போகும்னு ராத்திரிதான் உறைச்சுது. காலையில வந்து சொல்லணும்னு கிளம்பினேன். வாசல்வரைக்கும்தான் வர முடிஞ்சுது."

சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து.

"எழுதுங்க டாக்டர்," என்றார் தலைவர். "'புத்தகத்தை நான் படிக்கவில்லை. பக்கங்கள் இருந்தனவா என்று எனக்குத் தெரியாது.' கண்ணைப் பத்தியும் எழுதுங்க. காரணம் இல்லாம எழுதினா ஃபைல் ஒத்துக்காது."

டாக்டர் எழுதினார். நாலே வரி, இரண்டு இடத்தில் அடித்தல், கடைசியில் தலைவரின் கையெழுத்துக்கு ஒரு கோடு. மூவரும் அடியில் கையெழுத்திட்டு, தாளைத் தலைவர் முன்னால் தள்ளினார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். பேனா தாளுக்கு வெளியே, மேசையின் மரத்துக்கு நேர்மேலே வந்து நின்றது.

மேலதிகாரி வாயைத் திறந்தார். திருத்தம்மா அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

நூலகர் எழுந்து, சத்தமில்லாமல் தலைவரின் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் கையைத் தொடவில்லை. தாளின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, பேனா முனைக்குக் கீழே கோடு வரும்வரை மெல்ல நகர்த்தினாள்.

"போடுங்க சார்," என்றாள். "சரியான இடத்துலதான் இருக்கு."

அவர் போட்டார். கையெழுத்து கோட்டின்மேல் நேராக விழுந்தது.